முற்றிய கணையப் புற்று: அறுவையும் ஆயுளும்

கணையப் புற்றுநோயில் அறுவை சிகிச்சை ஆயுளை நீட்டிக்கிறதா என்று கேட்பதற்கு முன், எந்த நோயைப் பற்றிய கேள்வி அது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணையத்தில் தோன்றும் புற்றுகளில் பத்துக்கு ஒன்பது, செரிமான நீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளத்தின் உட்சுவர்ச் செல்களில் பிறக்கும் அடினோகார்சினோமா வகையைச் சேர்ந்தவை. இக்கட்டுரை பேசுவது அந்த நோயைத்தான். இன்சுலின் முதலிய ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி அதே உறுப்பில் இருந்தாலும் வேறு குணம் கொண்டது. பெரும்பாலும் மெதுவாக வளர்வது. கல்லீரலுக்குப் பரவிய பின்னும் பலரை ஆண்டுக்கணக்கில் வாழவிடுவது. ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டறியப்பட்டது இந்த இரண்டாம் வகை. 2004இல் அறுவை, 2009இல் கல்லீரல் மாற்று, 2011இல் மறைவு என்று நீண்ட அவருடைய நோய்க்காலத்தை, அடினோகார்சினோமா நோயாளியின் வீட்டார் தங்களுக்கும் பொருந்தும் முன்னுதாரணமாக எடுத்துக்கொள்வது தவறான கணக்கு.

அடினோகார்சினோமா நோயாளிகளில், கண்டறியப்படும் நாளிலேயே நேராக அறுவைக்குப் போகக்கூடியவர்கள் 15 முதல் 20 விழுக்காட்டினர்தான். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புற்று அதற்குள் கல்லீரல், நுரையீரல், வயிற்றறையின் உள்ளுறை ஆகியவற்றில் எங்கேனும் பரவியிருக்கும். எஞ்சிய மூன்றிலொரு பங்கினர் இடைப்பட்டவர்கள்: அவர்களுடைய கட்டி தொலைவுக்குப் பரவியதாக ஸ்கேனில் தெரிவதில்லை, ஆனால் அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களைப் பற்றிக்கொண்டிருக்கும். மருத்துவர்கள் ‘முற்றிய நிலை’ என்று சொல்லும்போது பரவிய நோயையும் குறிக்கிறார்கள், இந்த இடத்தளவில் முற்றிய நோயையும் குறிக்கிறார்கள். அறுவை பற்றிய இன்றைய விவாதம் பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தாரைச் சுற்றியே நடக்கிறது. எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாண்டைக் கடப்பவர்கள் 13 விழுக்காடு என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. தொலைவுக்குப் பரவியவர்களில் அது 3 விழுக்காடு.

இந்த உறுப்பு அமைந்திருக்கும் இடமே சிக்கலின் பாதி. ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவான கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் தலை முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்க, வால் மண்ணீரலைத் தொடுகிறது. கழுத்துப் பகுதிக்கு நேர் பின்னால் குடலின் இரத்தத்தைக் கல்லீரலுக்குச் சுமந்துசெல்லும் போர்ட்டல் சிரை உருவாகிறது. அதற்கு இடப்புறத்தில் ஏறக்குறைய சிறுகுடல் முழுவதற்கும் இரத்தம் வழங்கும் சுப்பீரியர் மெசன்டெரிக் தமனி இறங்குகிறது. மேலே கல்லீரல், இரைப்பை, மண்ணீரல் மூன்றுக்கும் கிளை பிரியும் சீலியாக் தமனி நிற்கிறது. சிரையைக் கட்டி பற்றியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி இரு முனைகளையும் தைத்து இணைக்கும் வேலை, தேர்ந்த மையங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. தமனி அப்படிப்பட்டதல்ல. அதனால்தான் வழிகாட்டு நெறிகள் தமனியை ஒரு வட்டமாகக் கருதி, கட்டி அதன் சுற்றளவில் 180 பாகைக்கு உட்பட்டுத் தொட்டால் ‘விளிம்பு நிலை’ என்றும், அதைத் தாண்டிச் சுற்றினால் ‘வெட்டியெடுக்க இயலாதது’ என்றும் பிரிக்கின்றன. தமனியைச் சுற்றிய ஒரு கோணம் ஒருவருடைய சிகிச்சைப் பாதையையே தீர்மானித்துவந்த காலம் ஒன்று இருந்தது. அது இன்னும் முழுதாக முடியவில்லை.

கணையத் தலையை வெட்டியெடுக்கும் முயற்சிக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. இத்தாலியின் அலெசாந்த்ரோ கோடிவில்லா 1898இல் அதைச் செய்தார்; நோயாளி ஒரு மாதம்கூடப் பிழைக்கவில்லை. பெர்லினில் வால்தர் கவுஷ் 1909இல் இரண்டு கட்டமாகச் செய்து 1912இல் வெளியிட்டார். நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1935இல் வெளியிட்ட மூன்று நோயாளிகளின் அறிக்கைக்குப் பிறகு அவர் பெயரே அறுவைக்கு நிலைத்துவிட்டது. அந்த மூவருக்கும் இருந்தது பித்தநாளமும் கணைய நாளமும் குடலில் திறக்கும் வாயிலில் தோன்றிய புற்று, கணையத்தின் புற்றல்ல என்பதைப் பின்னாளில் பலரும் மறந்துவிட்டார்கள். விப்பிள் அறுவையில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பெரும்பாலும் இரைப்பையின் ஒரு பகுதி ஆகியவை ஒரே தொகுப்பாக எடுக்கப்பட்டு, மிஞ்சிய கணையம், பித்தநாளம், இரைப்பை ஆகிய மூன்றும் சிறுகுடலுடன் தனித்தனியாகத் தைக்கப்படுகின்றன. இந்த மூன்று தையல்களில் முதலாவதே அறுவை மருத்துவரின் தூக்கத்தைக் கெடுப்பது. வெண்ணெய்போல் மென்மையான கணையத்தில் ஊசி இட்ட இடம் கிழிந்து, எதையும் செரித்துவிடக்கூடிய நீர் வயிற்றறைக்குள் கசிந்தால், அருகிலுள்ள இரத்தக் குழாயே அரிக்கப்பட்டு உயிர் போகலாம்.

1960களில் இந்த அறுவைக்குப் போனவர்களில் நால்வரில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறப்பது பல இடங்களில் சாதாரணமாக இருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிரைல் 1970இல் ஒரு கட்டுரை எழுதி, கட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பித்தத்துக்கு மாற்றுவழி மட்டும் அமைத்த நோயாளிகள் விப்பிள் செய்துகொண்டவர்களைவிடக் குறைவாக வாழவில்லை என்று வாதிட்டார். அறுவைத் துறைக்குள்ளிருந்தே எழுந்த அந்தக் கேள்விக்குத் துறை இரண்டு விதமாகப் பதில் சொன்னது. ஒன்று, பெரிதாக வெட்டுவது: நியூயார்க்கில் ஜோசப் ஃபோர்ட்னர் 1973இல் கணையத்தோடு சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் இரத்தக் குழாய்களையும் சேர்த்தெடுக்கும் பேரறுவையை முன்வைத்தார், சிக்கல்கள் கூடின, ஆயுள் கூடவில்லை. நிணநீர்க் கணுக்களை அகலமாக நீக்குவதை வழக்கமான அறுவையோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்டு இத்தாலியிலும் பால்டிமோரிலும் பின்னர் நடந்த ஆய்வுகளும் ஒட்டுமொத்த ஆயுளில் பயன் காட்டவில்லை. மற்றொன்று, திரும்பத் திரும்பச் செய்து கை தேர்வது: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் கேமரன் குழுவினர் தொடர்ச்சியாக 145 விப்பிள் அறுவைகளை ஒரு மரணமும் இல்லாமல் முடித்ததை 1993இல் அறிவித்தனர். 2002இல் வெளியான பர்க்மையரின் ஆய்வு இதை நாடளவில் உறுதிசெய்தது. கணைய அறுவையை மிக அரிதாகச் செய்யும் அமெரிக்க மருத்துவமனைகளில் இறப்பு 16.3 விழுக்காடு, மிக அதிகமாகச் செய்பவற்றில் 3.8 விழுக்காடு. மருந்துகளில் வந்த எந்த முன்னேற்றமும் சேராமல், அறுவை எங்கே நடக்கிறது என்பது மட்டுமே இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஆனால் அறுவை பாதுகாப்பானதும், புற்று குணமாவதும் ஒன்றல்ல. கட்டியை முழுவதும் எடுத்துவிட்டதாக நம்பப்பட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது. அதுவும் பலருக்குக் கல்லீரலில் திரும்பியது. இதற்கான காரணத்தை, இறந்த சில மணி நேரத்துக்குள் நடத்தப்பட்ட உடற்கூறு ஆய்வுகளிலிருந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 2010இல் கணித்துக் காட்டினர். முதல் மரபணு மாற்றம் நேர்ந்த செல்லிலிருந்து புற்றின் மூலச்செல் உருவாகப் பத்தாண்டுக்கு மேல், அது பரவும் திறன் பெற மேலும் ஐந்தாண்டுக்கு மேல், அதன்பின் மரணம் வரை சராசரியாக இரண்டாண்டு என்பது அவர்கள் கண்ட காலவரிசை. நோயாளி மஞ்சள் காமாலையோடும் முதுகுக்கு ஊடுருவும் வலியோடும் மருத்துவரிடம் வரும் நேரம் இந்த வரிசையின் கடைசி முனை. அந்நேரத்தில் ஸ்கேனில் தெரியாத நுண்பரவல் பலருக்கும் இருக்கும். தெரிவதை மட்டுமே வெட்டும் கத்திக்கு அதனிடம் வேலை இல்லை.

ஆகவே முற்றிய கணையப் புற்றில் அறுவைக்கு இடம் உண்டாக்கியது, அறுவையல்லாத ஒன்று. 1997இல் ஜெம்சிட்டபின் என்ற மருந்து, பழைய ஃப்ளூரோயூராசிலோடு ஒப்பிடுகையில் இடைநிலை ஆயுளை 4.41 மாதத்திலிருந்து 5.65 மாதமாக உயர்த்தியதே சாதனையாகக் கருதப்பட்டது. இடைநிலை ஆயுள் என்பது ஆய்வில் சேர்ந்தவர்களில் சரிபாதிப் பேர் கடக்கும் காலம். 2011இல் பிரான்சின் தியரி கோன்ராய் குழுவினர் ஃப்ளூரோயூராசில், லூகோவோரின், இரினோடீகன், ஆக்சாலிபிளாட்டின் ஆகியவற்றைச் சேர்த்த ஃபோல்ஃபிரினாக்ஸ் கூட்டு, பரவிய நோயில் ஜெம்சிட்டபினின் 6.8 மாதத்தை 11.1 மாதமாக்கியதைக் காட்டினர். நடமாட்டம் குன்றாத, 75 வயதுக்கு மேற்படாதவர்களே அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். கீமோதெரபியில் அதற்கு முன் கணையக் கட்டி சுருங்குவதே அபூர்வம். இப்போது மூன்றில் ஒருவருக்குச் சுருங்கியது. அப்போதுதான், ‘இயலாது’ என்று எழுதி மூடப்பட்ட கோப்புகளை அறுவை மருத்துவர்கள் மீண்டும் திறக்கத் தொடங்கினார்கள்.

திறந்ததும் எதிர்ப்பட்ட முதல் தடை ஸ்கேன் அறிக்கை. மாறுநிற மருந்து செலுத்தி எடுத்த சி.டி. படத்தில் தமனி வெள்ளை வட்டமாகவும், அதைச் சுற்றிய கட்டி சாம்பல் நிற உறையாகவும் தெரியும். ஆறு மாத மருந்துக்குப் பிறகு எடுத்த படத்திலும் பலருக்கு அதே சாம்பல் உறை அதே தடிப்பில் இருந்தது. ஆனால் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் குழுவினர் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, படத்தில் இன்னும் ‘இயலாதது’ போலத் தோன்றியவர்களைத் திறந்து பார்த்தபோது, பெரும்பாலோரிடம் கட்டியை விளிம்பில் புற்றுச் செல் இல்லாதபடி முழுதாக எடுக்க முடிந்தது. மருந்தில் செத்த புற்றின் இடத்தை நார்த்தழும்பு நிரப்பியிருக்கிறது. ஸ்கேனுக்குத் தழும்பும் புற்றும் ஒரே நிறம்.

எனவே முடிவு அறுவை மேசையில்தான் எடுக்கப்படுகிறது. வயிற்றைத் திறந்ததும் முதலில் கல்லீரலின் பரப்பும் உள்ளுறையும் அரிசிமணி அளவுக் கட்டிகளுக்காகத் துழாவிப் பார்க்கப்படுகின்றன. ஒன்று கிடைத்தாலும் பெரும்பாலும் அறுவை அத்தோடு நிற்கும். பிறகு எதையும் துண்டிக்கும் முன்பே தமனி தேடிச் செல்லப்படுகிறது. அதைச் சுற்றிய கடினமான திசுவிலிருந்து ஒரு துணுக்கு வெட்டப்பட்டு, உறையவைத்து, நுண்ணோக்கியில் பார்க்க அனுப்பப்படுகிறது. இருபது, முப்பது நிமிடம் எல்லாரும் காத்திருக்கிறார்கள். விடை ‘தழும்பு’ என்று வந்தால், வாழைத்தண்டைச் சுற்றிய மட்டையை உரிப்பதுபோல் தமனியின் மேலுறையோடு அத்திசு உரித்தெடுக்கப்படுகிறது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் மருத்துவமனை, போர்ட்டல் சிரைக்கும் மேற்சொன்ன இரு தமனிகளுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் உள்ள நரம்பு, நிணநீர்த் திசு அனைத்தையும் சுரண்டி எடுக்கும் இம்முறையை 2017இல் ‘முக்கோண அறுவை’ என்ற பெயரால் முறைப்படுத்தியது. விடை ‘புற்று’ என்று வந்தால், பெரும்பாலான மருத்துவர்கள் வயிற்றை மூடிவிடுவார்கள். தமனியையே வெட்டி மாற்றும் மையங்கள் சில உண்டு. அங்கும் அறுவையை ஒட்டிய இறப்பு தெளிவாகவே அதிகம்.

இனி எண்களுக்கு வரலாம். 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஃபோல்ஃபிரினாக்ஸ் பெற்ற இடத்தளவில் முற்றிய 315 நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 24.2 மாதம், அறுவை வரை சென்றவர்கள் ஏறத்தாழ 26 விழுக்காடு. அதே ஆண்டு ஹைடெல்பெர்க் வெளியிட்ட கணக்கில் அம்மருந்து பெற்று அறுவைக்கு எடுக்கப்பட்டவர்களில் 61 விழுக்காட்டினருக்குக் கட்டி எடுக்கப்பட்டது. இவ்விரு எண்களின் இடைவெளி மருந்தின் வேறுபாடல்ல. எந்த நோயாளி எந்த மருத்துவமனையின் வாசலை அடைகிறார், பகுதி எண்ணாக யாரை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதன் வேறுபாடு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2019இல் தன்னிடம் வந்த 415 பேரின் கணக்கை வெளியிட்டபோது அறுவை நடந்தது 84 பேருக்கு, அதாவது 20 விழுக்காட்டினருக்கு. அவர்களுடைய இடைநிலை ஆயுள் 35.3 மாதம், அறுவை நடக்காதவர்களுக்கு 16.3 மாதம். மேயோ கிளினிக் 2021இல் வெளியிட்ட, நீண்ட முன்சிகிச்சைக்குப் பின் அறுவை செய்துகொண்ட 194 பேரின் தொகுப்பில் அது 58.8 மாதம், ஆனால் அதில் விளிம்பு நிலை நோயாளிகளும் உண்டு.

35க்கும் 16க்கும் உள்ள வேறுபாட்டைக் கத்தியின் கணக்கில் எழுதிவிட ஆசை வருவது இயல்பு. ஆனால் அறுவை மேசையை அடைய ஒருவர் ஆறு மாதக் கீமோதெரபியைத் தாங்கியிருக்க வேண்டும், அதற்குள் நோய் எங்கும் பரவாதிருக்க வேண்டும், எழுந்து நடமாடும் உடல்நிலை இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் தவறியவர்கள் எல்லாரும் மறுபக்கத் தொகுதியில் சேர்க்கப்படுகிறார்கள். ஊர் எல்லை வரை ஓடி வந்தவர்களுக்கு மட்டும் மோர் கொடுத்துவிட்டு, மோர் குடித்தவர்களே நன்றாக ஓடுகிறார்கள் என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பானது இது. புள்ளியியலில் இதைச் ‘சாகாக் காலப் பிழை’ எனலாம்: அறுவை நாள் வரை உயிரோடிருந்த மாதங்கள் அறுவையின் வரவில் சேர்ந்துவிடுகின்றன. குலுக்கல் முறையில் ஒரு பாதியினருக்கு அறுவை, மறுபாதியினருக்குத் தொடர் மருந்து என்று பிரித்து ஒப்பிட்டால்தான் கத்தியின் பங்கைத் தனியே காண முடியும். இடத்தளவில் முற்றிய நோயில் இன்று கையில் இருக்கும் ஆதாரத்தின் பெரும்பகுதி அத்தகையதல்ல.

அதற்காக அறுவையின் பங்கு வெறும் தோற்றம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 76 நோயாளிகளின் உடற்கூறு ஆய்வைக் கொண்ட 2009ஆம் ஆண்டின் ஆய்வொன்று, ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பெரிய பரவல் இல்லாமல், கட்டி இருந்த இடத்திலேயே அழிவு செய்ததால் இறந்தார்கள் என்று கண்டது. கத்தியால் பயன்பெறக்கூடியவர்கள் இவர்களே. இவர்களை முன்கூட்டி அடையாளம் காணும் துல்லியமான சோதனை இல்லாத நிலையில், மாதக்கணக்கான கீமோதெரபியே சோதனையாகவும் பயன்படுகிறது: பரவும் இயல்புடைய நோய் அந்தக் காலத்தில் பெரும்பாலும் தன்னை வெளிப்படுத்திவிடும். ‘ஏன் உடனே ஆபரேஷன் செய்யவில்லை’ என்ற வீட்டாரின் கோபத்துக்கு இதுவே நேர்மையான பதில். கூடவே இரத்தத்தில் சி.ஏ. 19-9 என்ற புற்றுக் குறிப்பானின் அளவு பார்க்கப்படுகிறது. இயல்பு எல்லை 37 அலகு. ஆயிரக்கணக்கில் இருந்தது மருந்தில் இறங்கி இயல்பை அடைந்தால் நல்ல அறிகுறி. மேயோ தொகுப்பில் நீண்ட ஆயுளோடு தொடர்புற்றவை மூன்று: இந்தக் குறிப்பான் இயல்பாதல், ஆறு சுற்றுக்குக் குறையாத கீமோதெரபி, வெட்டிய கட்டியில் பெரும்பகுதி செத்திருத்தல். மூன்றுமே நோய் மருந்துக்கு எப்படிப் பணிந்தது என்பதன் அளவுகள். சி.ஏ. 19-9ஐ உண்டாக்கும் மரபணு இல்லாதவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் உண்டு; பித்த அடைப்பு இருக்கும்போது அது பொய்யாகவும் உயரும்.

இடைநிலை எண் மட்டும் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நெதர்லாந்தின் ப்ரியோபாங்க் ஆய்வு நல்ல சான்று. அறுவைக்கு உகந்தவர்களையும் விளிம்பு நிலையினரையும் குலுக்கல் முறையில் பிரித்து, நேரடி அறுவையையும் முன்சிகிச்சைக்குப் பிந்திய அறுவையையும் ஒப்பிட்டபோது இடைநிலை ஆயுள் 14.3 மாதம், 15.7 மாதம் என்று ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. ஐந்தாம் ஆண்டின் முடிவில் உயிரோடிருந்தவர்களோ 6.5 விழுக்காடு, 20.5 விழுக்காடு. பாதிப் பேருக்கு எதுவும் மாறவில்லை. ஒரு சிறு பகுதியினருக்கு எல்லாமே மாறியது.

தொலைவுக்குப் பரவிய நோயில் அறுவை இன்னும் விதிவிலக்காகவே நிற்கிறது. வெரோனாவில் கல்லீரலுக்குப் பரவிய 535 பேரில், மருந்தில் பரவல் மறைந்து கணைய அறுவை வரை சென்றவர்கள் 24 பேர். அவர்களுடைய இடைநிலை ஆயுள் 56 மாதம் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. இந்த 56ஐ மேற்கோள் காட்டுபவர்கள் 24ஐயும் 535ஐயும் விட்டுவிடக் கூடாது. கல்லீரலில் ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும் உள்ளவர்களுக்கு அறுவை உதவுமா என்பதை ஜெர்மனியின் மெட்டாபாங்க், சீனாவின் சி.எஸ்.பி.ஏ.சி.-1 போன்ற குலுக்கல் ஆய்வுகள் சோதிக்க முனைந்திருக்கின்றன.

ஆயுள் என்று எண்ணப்படும் மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்பதும் கணக்கில் வர வேண்டும். தமனியைச் சுற்றிய நரம்புப் பின்னலை உரித்தெடுத்தவர்களுக்குக் கட்டுக்கடங்காத பேதி வருவதுண்டு. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் கணைய நொதி மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும். கணையம் முழுவதும் எடுக்கப்பட்டவர் அன்றிலிருந்து இன்சுலின் ஊசியில் வாழ வேண்டும். கட்டியைத் தொடாமல் துன்பத்தை மட்டும் குறைக்கும் சிறு சிகிச்சைகளின் பயனோ குலுக்கல் ஆய்விலேயே நிறுவப்பட்டது. அறுவையின்போது கணையத்தின் பின்னுள்ள நரம்புகளில் ஆல்கஹால் ஏற்றுவது வலியைத் தணிக்கிறது என்று லில்லிமோ குழுவினர் 1993இல் காட்டினர். இரைப்பையைச் சிறுகுடலோடு முன்கூட்டியே இணைத்துவிட்டால் பின்னாளில் உணவுப் பாதை அடைபடுவதில்லை என்றும், இணைக்காதவர்களில் 19 விழுக்காட்டினருக்கு அடைபட்டது என்றும் அவர்களே 1999இல் காட்டினர். பித்த அடைப்புக்கு இன்று வயிற்றைத் திறக்காமலே உள்நோக்கி வழியாக ஸ்டென்ட் வைக்க முடிகிறது.

அறுவை பரிந்துரைக்கப்படும் குடும்பத்தார் மருத்துவரிடம் இரண்டு செய்திகளைத் தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை கணைய அறுவைகள் நடக்கின்றன என்பது ஒன்று, சொல்லப்படும் ஆயுட்கணக்கு நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறதா, அறுவை நாளிலிருந்து தொடங்குகிறதா என்பது மற்றொன்று.